வெளியில் மழை, உள்ளே நெருப்பு: விவால்டியின் 18 பார்

இன்னிக்கு ஒரு முழுக் கச்சேரியைப் பத்திப் பேசப் போறதில்லை. வெறும் 18 பார் நீளமுள்ள ஒரு துண்டு இசையைப் பத்தித்தான். அந்தோனியோ விவால்டியோட 'நான்கு பருவங்கள்' வரிசையில கடைசியா வர்ற 'குளிர்காலம்' வயலின் கான்செர்ட்டோ. அதோட நடுப்பகுதி, லார்கோ. விளம்பரத்துலயோ, ரிலாக்ஸ் பண்றதுக்கான பிளேலிஸ்ட்லயோ எப்பவாவது நீங்க இதைக் கேட்டிருப்பீங்க.

நான் வருஷக்கணக்கா தூக்கம் வர்றதுக்காக இதைப் போட்டுக் கேட்டிருக்கேன். ஒருநாள் ஆப் தானாவே வேறொரு குழுவோட ஒலிப்பதிவுக்குத் தாவிடுச்சு. அதே மெட்டுதான், ஆனா ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம்! இவங்களுக்கு என்ன பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சான்னு எரிச்சல்தான் வந்தது. ஆனா யார் வாசிச்சது சரி? இந்தக் கேள்வி என்னை 300 வருஷம் பின்னால இழுத்துட்டுப் போச்சு.

1725-ல ஆம்ஸ்டர்டாம்ல அச்சான 12 கான்செர்ட்டோக்கள்ல முதல் நாலுதான் இந்தப் பருவங்கள். ஒவ்வொண்ணோடவும் ஒரு கவிதையும் சேர்ந்து அச்சாச்சு. எந்த வரி எந்த இடத்துல ஒலிக்குதுன்னு இசைக்குறிப்புலயே காட்டியிருக்காங்க. குளிர்காலத்தோட முதல் பகுதியில உடம்பு நடுங்குது, பல் கிட்டிக்குது. மூணாவது பகுதியில ஒருத்தர் பனிக்கட்டி மேல நடந்து வழுக்கி விழறார். நடுவுல வர்ற லார்கோவோட காட்சி என்ன தெரியுமா? வீட்டுக்குள்ள, நெருப்புப் பக்கத்துல, நிம்மதியா உட்கார்ந்திருக்கோம். வெளியில மழை நூறு பேரை நனைச்சுக்கிட்டிருக்கு.

இதை விவால்டி எப்படிக் காட்டறார்? தனி வயலின் ஒரு நீண்ட பாட்டைப் பாடுது. மத்த வயலின்கள் வில்லைத் தொடாம விரலால தந்தியைச் சுண்டறாங்க. அதுக்குப் பேர் பிட்சிகாட்டோ. அதுதான் மழைத்துளி. கீழே வயோலா மட்டும் நீளமான சுரங்களைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். நிம்மதியும் மழையும் ஒரே நேரத்துல கேக்குது.

இப்போ வேகத்துக்கு வருவோம். விவால்டி எழுதினது 'லார்கோ'ங்கிற ஒரே சொல்தான். இத்தாலிய மொழியில அதுக்கு 'அகலமான'னு பொருள். மெட்ரோனோம் கருவிக்கு மெல்சல் காப்புரிமை வாங்கினது 1815-ல, அதாவது விவால்டி இறந்து 74 வருஷம் கழிச்சு. அதுக்கு முன்னால மனுஷ உடம்பே ஒரு கடிகாரமா இருந்தது. 1752-ல குவான்ட்ஸ் என்ற ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் தன் புத்தகத்துல நாடித்துடிப்பை வெச்சு வேகத்தை அளக்கச் சொல்றார். நிமிஷத்துக்குச் சுமார் 80 துடிப்பு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பாருக்கு நாலு பீட் வீதம் 18 பாருக்கு 72 பீட். இரண்டு நிமிஷத்துல வாசிச்சா மழைத்துளி நொடிக்கு இரண்டரைகூட விழாது, வெறும் தூறல். ஒரு நொடிக்கு ஒரு பீட்னு 72 நொடியில முடிச்சா, நொடிக்கு நாலு துளி. அது நல்ல மழை. மெதுவா வாசிச்சா நம்ம காது நெருப்புப் பக்கம் போகுது, வேகமா வாசிச்சா ஜன்னல் பக்கம் போகுது. எனக்கு எரிச்சல் வந்ததுக்குக் காரணம் இதுதான். என் தூக்கத்துக்கு நடுவுல மழை உள்ளே வந்துடுச்சு.

அடுத்தது கீ. முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் எஃப் மைனர். நடுப்பகுதி ஈ ஃப்ளாட் மேஜர். நம்ம காதுக்குச் சொல்லணும்னா, சங்கராபரணத்தோட ஏழு சுரங்கள். எஃப் மைனர்ல இருக்கற அதே சுரங்களை வெச்சே ஏ ஃப்ளாட் மேஜருக்குப் போயிருக்கலாம், அதுதான் பக்கத்து வீடு. விவால்டி இன்னும் ஒரு தெரு தள்ளிப் போறார். குளிர்ல இருந்து உண்மையிலேயே வேற இடத்துக்கு வந்துட்டோம்னு தோணுது.

கீதான் மனநிலையைத் தீர்மானிக்குதுன்னு சொல்லிடலாமா? 1713-ல ஹாம்பர்க் நகர இசை எழுத்தாளர் மாத்தேசன், ஈ ஃப்ளாட் மேஜர் உருக்கமானது, புலம்பலுக்கும் கனமான விஷயத்துக்கும் உரியதுன்னு எழுதினார். 12 வருஷம் கழிச்சு விவால்டி அதே கீயில கதகதப்பை வெச்சு அச்சுக்குக் கொடுத்துட்டார். கீ ஒரு வீடு மாதிரி. உள்ளே சிரிப்பா அழுகையாங்கிறது அங்கே குடியிருக்கறவங்களைப் பொறுத்தது.

கடைசியா ஒரு வருஷத்தைச் சொல்லணும். 1709. ஐரோப்பா முழுக்கக் கடுங்குளிர். வெனிஸ் நகரத்தைச் சுத்தியிருக்கற காயல் உறைஞ்சு, ஜனங்க அது மேல நடந்து போனாங்க. விவால்டி 1703-ல இருந்து அங்கே பியெத்தாங்கிற இல்லத்துல வயலின் ஆசிரியர். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்து, பெண் பிள்ளைகளுக்கு இசை கத்துக்கொடுத்த இடம் அது. அதே 1709-ல அவர் வேலையை நீட்டிக்கலாமான்னு நிர்வாகக் குழு ஓட்டுப் போட்டது. எதிரா 7, ஆதரவா 6. ஒரே ஒரு ஓட்டுல அவர் வெளியில். 1711-லதான் திரும்பக் கூப்பிட்டாங்க. 1741-ல வியன்னாவுல அவர் இறந்தப்போ கையில காசு இல்லை.

அந்த 1709-ஐ நினைச்சு இதை எழுதினார்னு நான் சொல்லலை. ஆனா நெருப்புக்கும் மழைக்கும் நடுவுல இருக்கறது ஒரு கதவுதான், அது எப்ப வேணா திறக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. இப்போ நான் இரண்டு ஒலிப்பதிவையும் கேக்கறேன். தூக்கத்துக்கு மெதுவானது. மத்த நேரத்துல வேகமானது, ஏன்னா அதுலதான் அந்த நூறு பேரும் எனக்குக் கேக்கறாங்க. நீங்களும் இரண்டையும் கேட்டுப் பாருங்க. மொத்தமா நாலு நிமிஷம்கூட ஆகாது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.