இரண்டாவது வீணை

சில மாதங்களுக்கு முன் ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கு ஒரு மேற்கத்திய இசை நிகழ்ச்சிக்குச் சென்று வந்தேன். அழைத்துச் சென்றவர் என் பக்கத்து வீட்டு நண்பர். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கருவியறையில் வேலை பார்க்கிறவர். மேடையில் இரண்டு பெரிய பியானோக்கள் எதிரெதிராக நின்றன. வாசித்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். எனக்கு அந்த இசையில் பயிற்சி கிடையாது. ஆனாலும் முதற் பத்து நிமிடங்களில் இருமிக்கொண்டும் நாற்காலியை நகர்த்திக்கொண்டும் இருந்த அவை, பிறகு மெல்ல அடங்கி, இறுதியில் எழுந்து நின்று கைதட்டியதைக் கண்ணாரக் கண்டேன்.

திரும்பும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் பேருந்து நின்றுவிட்டது. நண்பர் கேட்டார்: "ஒரு பியானோவிலேயே எல்லா சுரமும் இருக்கே சார், எதுக்கு ரெண்டு?" பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன். வீடு வந்து படுத்த பிறகுதான், இந்தக் கேள்விக்கு நம்மிடமே ஒரு பதில் இருந்ததென்று நினைவு வந்தது. அந்தப் பதிலின் பெயர் காரைக்குடி சகோதரர்கள்.

பியானோவைச் சற்று முடித்துக்கொள்கிறேன். இரண்டு பியானோ என்பது மேற்கில் பழைய வழக்கம். 1781இல் வியன்னாவில் தம் மாணவி யோசபா ஔவர்ன்ஹாமரோடு சேர்ந்து வாசிப்பதற்காகவே மோட்சார்ட் ஒரு சொனாட்டா எழுதினார். ஹங்கேரியின் பேலா பார்டோக் தம் மனைவி டிட்டாவோடு வாசிக்க இரண்டு பியானோக்களுக்கும் தாளக் கருவிகளுக்குமாக எழுதியது 1938இல் பாசல் நகரில் அரங்கேறியது. 1940இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அந்தத் தம்பதியர் இரட்டைப் பியானோக் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகச் சென்றார்கள். அதே நாட்டில் பெர்ரான்டே, டைக்கர் என்ற இணையர் தங்கள் இரு பியானோக்களையும் சொந்த லாரியில் ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். ஒரு பெரிய கச்சேரி பியானோ அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. லாரி செய்யும் ஊரில் குடியிருப்பவன் என்பதால் இந்தச் செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வென்ற சென்னைச் சிறுவர் லிடியன் நாதஸ்வரம், ஒருவராகவே இரண்டு பியானோக்களை ஒரே நேரத்தில் வாசித்துக் காட்டினார். ஒருவர் இருவராவது வியப்புதான். இருவர் ஒருவராவது வேறொரு வகைக் காரியம். அதற்கு வேகம் மட்டும் போதாது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கானல்வரி நினைவுக்கு வராமல் போகாது. புகார்க் கடற்கரையில், இந்திர விழாவுக்குப் பின், மாதவி யாழைத் திருத்திக் கோவலனிடம் தருகிறாள். அவன் பாடுகிறான். அந்தப் பாட்டில் இன்னொருத்தியின் நிழல் தெரிவதாக அவள் எண்ணிக்கொள்கிறாள். யாழை வாங்கித் தானும் அவ்வாறே பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். ஒரு காப்பியத்தின் துயரமெல்லாம் ஓர் இசை மாற்றத்திலிருந்து புறப்படுகிறது! அங்கே இருந்தது ஒரே யாழ். முறைவைத்து மாறி மாறி வாசித்தார்கள். ஒருவர் வாசிக்கையில் மற்றவர் கேட்டார், கேட்டதைத் தவறாகக் கேட்டார். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு குறும்பான எண்ணம் தோன்றும். இருவர் கையிலும் ஆளுக்கொரு யாழ் இருந்து, ஒரே பாட்டைச் சேர்ந்து வாசித்திருந்தால் கண்ணகிக்கு மதுரை போகும் வேலையே இருந்திருக்காதோ? மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சேர்ந்து வாசிப்பதற்கும் மாறி வாசிப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரியதுதான்.

காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர், இளையவர் சாம்பசிவய்யர். சாம்பசிவய்யர் பிறந்தது 1888இல். பல தலைமுறைகளாக வீணையே தொழிலாகக் கொண்ட, புதுக்கோட்டைப் பகுதியோடு தொடர்புடைய குடும்பம். தந்தை சுப்பையா ஐயர்தான் இருவருக்கும் குரு. ஒரே வீட்டில், ஒரே ஆசானிடம், ஒரே பாடத்தைக் கற்றவர்கள் என்பது பிற்பாடு அவர்கள் வாசிப்பின் அடித்தளமாயிற்று. காரைக்குடி அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. நகரத்தார் வீட்டுத் திருமணங்களும் விழாக்களும் இசைக் கலைஞர்களுக்குச் சபைகளுக்கு நிகரான மேடைகளாக இருந்த காலம் அது.

இருவரும் மேடையில் அமர்ந்தால் பார்த்தவுடன் தெரியும் ஒரு வேறுபாடு உண்டு. சாம்பசிவய்யர் எல்லோரையும் போல வீணையைக் குறுக்காகக் கிடத்தி வாசிப்பார். சுப்பராமய்யரோ அதைத் தம்புராவைப் போல நிமிர்த்தி வைத்துக்கொள்வார். குடம் மடியில், தண்டி மேல் நோக்கி. ஒன்று கிடக்க, ஒன்று நிற்க, இரண்டிலிருந்தும் ஒரே பிடி, ஒரே மீட்டு. கண்ணுக்கு இரண்டு, காதுக்கு ஒன்று. அக்கால ரசிகர்களை இந்தக் காட்சி ஈர்த்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காட்சியை நம்பி இரண்டரை மணி நேரம் அவையைக் கட்டிப்போட முடியாது.

வீணைக்கு இயல்பிலேயே குரல் சிறியது. ஒலிபெருக்கி பரவாத நாளில் நாகசுரம் நான்கு வீதிக்குக் கேட்கும். வீணை நான்காவது வரிசைக்குக் கேட்டால் பெரிது. கல்யாணப் பந்தலின் சந்தடியில் அதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? இரண்டு வீணைகள் ஒரே சுரத்தில் ஒரே கணத்தில் பேசினால் நாதம் தடிக்கிறது. அதற்குமேல், கேட்பவர் தாமாகவே வாயை மூடிக்கொள்ள வேண்டிய ஒரு கட்டாயம் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். இருவரும் எங்கேயாவது பிசகுவார்களா என்று காது கூர்மையாகிறது. பிசகவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கூர்மையே ரசனையாகிவிடுகிறது. பெங்களூரு அரங்கில் நான் கண்டதும் இதுவேதான்.

அந்த 'ஒரே கணம்' என்பதில் உள்ள உழைப்பைச் சொல்ல வேண்டும். வீணையில் 24 மெட்டுகள். அவை மரத்தில் அறைந்தவை அல்ல. தேன்மெழுகும் கரியும் கலந்த மெழுகுச் சட்டத்தில் பதித்தவை. ஒவ்வொரு மெட்டையும் சுரத்துக்குச் சரியான இடத்தில் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். வெயிலில் மெழுகு இளகும். மெட்டு ஒரு நெல்முனை நகர்ந்தால் சுரம் நகர்ந்துவிடும். ஒருவர் தனியாக வாசிக்கையில் அந்தச் சிறு பிழையை இடது கை விரலின் இழுப்பில் சரிக்கட்டி மறைத்துவிடலாம். பக்கத்தில் இன்னொரு வீணை அதே சுரத்தைச் சொல்லும்போது மறைக்க இடமில்லை. இரண்டு வீணை, 48 மெட்டுகள், தாளத் தந்திகளையும் சேர்த்து 14 தந்திகள். இவற்றோடு ரயிலேறி, கோடையில் ஊர் ஊராகப் போய், இறங்கிய இடத்தில் சுருதி கூட்டி உட்கார வேண்டும். அப்படியே இரு வீணைகளும் பொருந்திவிட்டாலும், கமகத்தில் தந்தியை எவ்வளவு இழுப்பது, எந்தக் கணத்தில் விடுவது என்பதை எந்த மெட்டும் சொல்லித் தராது. பியானோக்காரர்களுக்கு அந்தத் தொல்லையில்லை. கட்டையைத் தட்டினால் சுரம் நின்ற இடத்தில் நிற்கும். (மறுநாள் இதைக் கருவியறை நண்பரிடம் விளக்கினேன். "புரியுது சார், ரெண்டு துண்டும் தனித்தனியா அளவு சரியா இருந்தாலும் சேர்த்தாத்தான் தெரியும்" என்றார். அவர் துறைக்குள் இதற்கென்று பாடமே இருக்கிறதாம்.)

காரைக்குடிப் பாணி என்று பிற்காலத்தார் பெயரிட்டதன் குணங்கள் கூட, என் பார்வையில், இந்த இணை வாசிப்பிலிருந்து கிளைத்தவையே. தெளிவான, அழுத்தமான மீட்டு. அலங்கார நெளிவுகளில் சிக்கனம். தாளத் தந்திகளை இடம் பார்த்து ஒலிக்கும் கட்டுப்பாடு. தஞ்சைப் பாணி குரலிசையைப் போலக் குழைய விரும்பியது. தனியாளுக்கு அது அழகு. இருவர் சேர்ந்து குழைவதானால் ஒவ்வொரு குழைவும் முன்கூட்டியே உடன்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே எது தவிர்க்க முடியாததோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள் போலும். அவர்களுடைய தானம் பெரும்புகழ் பெற்றது. தாளக் கட்டில்லாத அந்தப் பகுதிக்கும் மிருதங்கத்தைத் துணை சேர்த்துக்கொண்டார்கள். அதை வாசித்தவர் சாதாரண ஆளா? புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875-1936). மான்பூண்டியா பிள்ளையின் சீடர், லயத்தில் அவர் காலத்து மாமேதைகளில் ஒருவர். இரண்டு வீணைகளின் மெல்லிய நாதத்துக்கு அடியில், அதை அமுக்காமல் நடப்பதற்கு அவர் கைகளில் எவ்வளவு அடக்கம் இருந்திருக்க வேண்டும்!

எங்கள் எல்லைக்கு அப்பால், மைசூரிலும் இதே காலத்தில் இணை வீணைக்குப் பேர்போன இருவர் இருந்தனர். வீணை சேஷண்ணா (1852-1926), வீணை சுப்பண்ணா (1861-1939). இருவரும் அரண்மனை வித்வான்கள். சேஷண்ணா பியானோவிலும் கைதேர்ந்தவர் என்பது நம் கதைக்குச் சுவையான சேர்க்கை. அந்த அரண்மனையின் கடைசி மன்னர் ஜயசாமராஜ உடையார் (1919-1974) பியானோ பயின்றவர். ருஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டாக வருவதற்குப் பொருளுதவி செய்தவர். ஆக, மைசூர் வித்வான்களுக்குச் சோறும் கூரையும் அரசர் பொறுப்பு. காரைக்குடிக்காரர்கள் நிலை வேறு. பாணர்களைப் போல ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் அவையையும் புதிதாக வென்றாக வேண்டும். பாணர் சீறியாழும் பேரியாழும் சுமந்து நடந்த வழிகளில் ஒன்று எங்கள் பக்கத்துத் தகடூருக்கும் வந்தது. அதியமானின் அந்த ஊர்தான் இன்றைய தருமபுரி. 2004இல்தான் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இரவலர்க்குப் பரிசில் தந்த மன்னன் பெயரைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. வாசித்த பாணர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்தது. சுப்பராமய்யர் 1930களில் காலமானார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1952இல், சாம்பசிவய்யருக்குச் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. சங்கீத நாடக அகாடமி விருதும் அதே ஆண்டில், அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கும் உஸ்தாத் அலாவுதீன் கானுக்கும் கிடைத்த அதே வரிசையில் கிடைத்தது. முற்றிலும் தகுதியான சிறப்பு. ஆனால் சங்கீத கலாநிதி என்ற பட்டமே 1942இல்தான் ஏற்பட்டது. நிமிர்த்திய வீணையோடு பக்கத்தில் அமர்ந்திருந்த அண்ணனுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. பட்டியல்கள் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்குச் சாதகமானவை. அதோடு அவை ஒற்றை ஆட்களை எண்ணப் பழகியவை. இருவர் சேர்ந்து உண்டாக்கிய ஒரு நாதத்தை எந்தப் பெயரின் கீழ் எழுதுவது? சுப்பராமய்யர் சிறந்தவரா, சாம்பசிவய்யர் சிறந்தவரா என்று விவாதிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேர்ந்து வாசிக்கத் தெரிந்தவர்களைப் பிரித்துக் கேட்பதற்கு நமக்குத்தான் எவ்வளவு ஆர்வம்!

பக்கத்து இடம் காலியான பின் தம்பி என்ன செய்தார் என்பது அண்ணன் தம்பி வாசித்த நாட்களைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனி வித்வானாக அவர் தொடர்ந்திருக்கலாம். பெயர் அவ்வளவு பெரிது. அவரோ ஒரு சிறுமியைக் குருகுலமாக வைத்துக் கற்பித்தார். 1932இல் பிறந்த அந்தப் பெண் ரங்கநாயகி ராஜகோபாலன். சலுகையில்லாத, கடுமையான பயிற்சி. அந்தப் பெண் வளர்ந்து சாம்பசிவய்யரின் பக்கத்தில் வீணையோடு அமர்ந்து கச்சேரி செய்தார். அண்ணனுக்குத் தம்பியாக ஒரு காலத்தில் இரண்டாவது வீணையில் இருந்தவர், ஒரு பெண் குழந்தைக்காக மறுபடி ஓர் இரண்டாவது வீணையை உண்டாக்கினார். கடைசிக் காலத்தில் அவர் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தில் கற்பித்தார். 1958இல் மறைந்தார். ரங்கநாயகி 2018 வரை வாழ்ந்து, அந்த மீட்டை அடுத்த தலைமுறைக்குத் தந்தார்.

சாம்பசிவய்யரும் ரங்கநாயகியும் சேர்ந்து வாசித்த வானொலிப் பதிவுகளைச் சென்ற வாரம் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். இரவுப் பணி முடித்து வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. பழைய பதிவு, இரைச்சல் நிறைய. சற்று நேரம் கேட்டுவிட்டு, "இதுல எத்தனை வீணை சார்?" என்றார். இரண்டு என்றேன். நம்பாமல், காதைக் கருவியருகே கொண்டுபோய் முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னார்.