தொழிலிடக் காரீய நஞ்சு

வேலையிடத்தில் காரீயத் தூசியையோ புகையையோ சுவாசிப்பதாலும், கையில் ஒட்டியது சோற்றோடு உள்ளே போவதாலும் உண்டாகும் நோய். பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைகளும் ஈய உருக்காலைகளும் இதற்குப் பேர்போனவை. மீன்பிடித் தொழிலை இந்த வரிசையில் சேர்ப்பவர் குறைவு, சேர்க்க வேண்டும். கோவளம் போன்ற கடலோர ஊர்களில் வலையின் அடிக்கயிற்றைத் தாழ்த்துவது ஈயக்குண்டுதான். கடையில் வாங்கிய குண்டைக் கையாள்வதில் ஆபத்து குறைவு, பல்லால் கடித்து இறுக்காதவரை. வீட்டிலேயே உருக்கி வார்த்தால் கதை வேறு. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். சூடு மிஞ்சினால் புகை எழும், மேலே படரும் கசடை வழித்தால் தூசி பறக்கும். உருக்குவது பழைய பேட்டரித் தகடு என்றால் அதிலுள்ள ஆக்சைடு பொடியும் சேரும். முற்றத்தில் படியும் தூசி முதலில் தவழும் குழந்தையைத்தான் அடைகிறது.

வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், அசதி, ரத்தசோகை: எல்லாமே வேறு நோய்க்கும் பொருந்தும் அறிகுறிகள். ‘கேஸ்’ மாத்திரையோடு மாதங்கள் ஓடிவிடும். 1840இல் மருத்துவர் பர்ட்டன் விவரித்த ஈறின் நீலக்கோடும், மணிக்கட்டு தொங்கிப்போவதும் முற்றிய நிலையின் அடையாளங்கள். மருத்துவர் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்பதில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. மீதி, சிரையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. ரத்தத்தில் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது பல பத்தாண்டுகள் தங்கும்.

இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சை முதலில் வைத்தது. கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது. அச்சட்டம் காற்றில் அனுமதித்த அளவு கனமீட்டருக்கு 0.15 மில்லிகிராம், அமெரிக்க வரம்பைப்போல் மூன்று மடங்கு. தாராளம்தான். அதுவும் தொழிற்சாலைக்கு மட்டும். குடிசை முற்றத்து அடுப்பை எந்த ஆய்வாளரும் எட்டிப்பார்ப்பதில்லை.

தடுப்பில் முதலிடம் உருக்காமலிருப்பதற்கு. பட்டறையில் புகை உறிஞ்சும் விசிறியும் ஈரத்துணித் துடைப்பும் வேண்டும். வேலையிடத்தில் சோறும் பீடியும் கூடாது, வேலைத்துணி வீட்டுக்குப் போகக் கூடாது. முகத்தில் கட்டும் துண்டு புகையைத் தடுக்காது. நஞ்சிறக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் மருந்தை விழுங்கிக்கொண்டே அதே சட்டிமுன் உட்காருவது பலன் தராது; சில மருந்துகள் குடலில் காரீயம் கூடுதலாக ஏறவும் வழிசெய்யலாம்.