உடைந்த சுங்கான் சொல்லும் வரலாறு

கைதவறி விழுந்த பொருள் உடைந்துபோனால் ஒட்டிப் பார்க்கிறோம். இயலாவிட்டால் எறிந்து விடுகிறோம். 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும், ஹாலந்திலும், அமெரிக்கக் குடியேற்றங்களிலும் வாழ்ந்த மக்களுக்கு இத்தொல்லை அடிக்கடி நேர்ந்தது. அவர்கள் புகை பிடித்த சுங்கான் சுட்ட களிமண்ணால் ஆனது. அதன் நீண்ட தண்டு சற்றே இடித்தாலும் முறிந்துவிடும். முறிந்த சுங்கானை அவர்கள் எவ்வாறு சீர்செய்தனர்? எறிந்த துண்டுகள் என்னவாயின?

கம்பி போட்ட துளை

புகையிலைப் பழக்கம் 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் அப்பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். ஆனால் அதே மன்னர் 1619இல் சுங்கான் செய்வோரின் சங்கத்துக்கு அரச சாசனம் வழங்கினார் என்பது வேடிக்கையான செய்தி!

சுங்கான் செய்பவர் வெண்களிமண்ணை நீளமாக உருட்டி, ஒரு முனையில் மட்டும் மண்ணைத் திரளாக விடுவார். தண்டின் நடுவே மெல்லிய கம்பியைச் செலுத்தி, அச்சில் வைத்து அழுத்துவார். திரண்ட பகுதியைக் குடைந்தால் புகையிலை இடும் கிண்ணம் கிடைக்கும். கம்பியை உருவினால் புகை வரும் துளை கிடைக்கும். பின்னர் சூளையில் சுடுவார். சுட்ட மண்ணில் நுண்துளைகள் மிகுதி. அது ஈர உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, வாயில் வைக்கும் முனைக்கு மெழுகு பூசுவதும் உண்டு.

சீர்செய்த முறை

வெப்பமும் எச்சில் ஈரமும் ஓயாமல் படும் தண்டில் அக்காலப் பசை நிலைக்காது. புதிய மண் சுங்கானோ மலிவாகவே கிடைத்தது. எனவே பலர் முறிந்ததை எறிந்தனர். சிக்கனமாக வாழ வேண்டியவர்கள், முறிந்த முனையைக் கத்தியால் சீவிக் கல்லில் தேய்த்து, எஞ்சிய குட்டைத் தண்டோடு புகைத்தனர். இவ்வாறு சீவப்பட்ட தண்டுகள் அகழ்வாய்வுகளில் கிடைத்துள்ளன. ஒட்டுவதன்று, குட்டையாக்குவதே அன்றைய பழுதுபார்ப்பு.

குப்பையில் ஒரு காலண்டர்

எறியப்பட்ட துண்டுகள் மண்ணில் மக்குவதில்லை. 1607இல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் நிறுவிய ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை 1930களில் அகழ்ந்த ஹாரிங்டன் என்ற ஆய்வாளர், இத்துண்டுகளைக் கூர்ந்து நோக்கினார். பழைய தண்டுகளின் துளை அகலமாகவும், பிற்காலத் தண்டுகளின் துளை குறுகலாகவும் இருந்தன. தண்டு நீள நீள, மெல்லிய கம்பி தேவைப்பட்டதே காரணமாகலாம். அவர் துளைகளைத் துரப்பண ஊசிகளால் அளந்து, 1954இல் முடிவை வெளியிட்டார். 1620-1650இல் அங்குலத்தில் 64இல் 8 பங்காக இருந்த துளை, 1680-1710இல் 6 பங்காகவும், 1750-1800இல் 4 பங்காகவும் குறைந்திருந்தது.

1962இல் பின்ஃபோர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஒரு சமன்பாடாக்கினார். துளைகளின் சராசரி அளவு 64இல் எத்தனை பங்கு என்று காண வேண்டும். அதை 38.26ஆல் பெருக்கி, வரும் விடையை 1931.85இலிருந்து கழிக்க வேண்டும். சராசரி 6 என்றால் விடை ஏறத்தாழ 1702. அத்துண்டுகள் எறியப்பட்ட காலத்தின் நடு ஆண்டு அதுவாகும்.

ஒரேயொரு துண்டை வைத்து இக்கணக்கைப் போடக்கூடாது. பல துண்டுகள் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் இது பொருந்தாது. பொருந்துமென்றால் 1931இல் துளையே அடைபட்டிருக்க வேண்டுமே!

பல்லிலும் உதட்டிலும்

சீர்செய்த சுங்கானின் மறுபக்கக் கதை துயரமானது. சொரசொரப்பான மண்தண்டை நாள்தோறும் ஒரே இடத்தில் கடித்து வந்ததால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தேய்ந்து, வாயை மூடினாலும் வட்டமான ஓட்டை தெரிந்தது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, கில்க்கென்னி நகரத்து ஏழையர் விடுதியில் 1847 முதல் 1851 வரை இறந்து ஒன்றாகப் புதைக்கப்பட்ட 970 பேருக்குக் குறையாதோரின் எலும்புகள் பின்னர் அகழப்பட்டன. அவர்களுள் பலருடைய பற்களில், பெண்களின் பற்களிலுங்கூட, இத்தேய்வு காணப்பட்டது. பெயரும் கல்லறையும் இன்றிப் போனவர்களின் வாழ்க்கைக்குப் பல் சான்றாக நிற்கிறது.

குட்டைத் தண்டில் வேறோர் ஆபத்தும் இருந்தது. தண்டு நீளமாக இருந்தால் புகை வழியிலேயே சற்று ஆறும். குட்டையானால் சூடு உதட்டின் அருகே வந்துவிடும். சுங்கான் பிடிப்போருக்கு உதட்டில் புற்றுநோய் வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795இலேயே குறிப்பிட்டார். 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் மண் சுங்கானின் சூட்டையே குற்றம் சாட்டினர். புகையிலையே புற்றுநோய்க்குக் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் செயின்ட் குளோட் நகரில் பிரையர் என்னும் புதரின் வேர்க்கட்டையால் சுங்கான் செய்யத் தொடங்கினர். அதன் வாய்ப்பகுதி உடைந்தால் வேறொன்று மாட்டலாம். கழுத்து விரிசல் விட்டால் வெள்ளிப் பூண் போடலாம். மெல்ல மெல்ல மண் சுங்கான் மறைந்தது.

நம் ஊர்ப் பழைய மேடுகளிலும் உடைந்த ஓடுகள் கிடக்கின்றன. அடுத்த முறை ஓர் ஓட்டைக் காலால் எற்றுமுன், குனிந்து எடுத்துப் பாருங்கள். ஒருவர் வேண்டாமென்று எறிந்த துண்டு, அவர் வாழ்ந்த காலத்தை நமக்குச் சொல்லக்கூடும்.