உரோமையிடம் நீதி கேட்ட இரு மனைவியர்

செய்தி மேசையில் பணியாற்றிய காலத்தில் நான் பலமுறை திருத்திய பிழை ஒன்றுண்டு. ‘திருச்சபை நீதிமன்றம் விவாகரத்து வழங்கியது’ என்று மொழிபெயர்த்து எழுதிவிடுவார்கள். ஞானஸ்நானம் பெற்ற இருவர் முறைப்படி மணந்து இல்லறத்தில் இணைந்துவிட்டால், அந்தப் பிணைப்பை எந்த மனித அதிகாரத்தாலும் முறிக்க முடியாது என்பதே கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். திருச்சபை நீதிமன்றம் ஆராய்வது வேறொரு கேள்வியை: அது தொடக்கத்திலேயே செல்லுபடியான திருமணமாக இருந்ததா? ‘இல்லை’ என்பது விடையானால், வாழ்ந்த ஆண்டுகள் என்னவாகும்?

இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்களுள் புகழ்பெற்றவர் இங்கிலாந்து அரசி கதரின். இளவரசர் ஆர்தரை 1501இல் மணந்த அவர், மறு ஆண்டே விதவையானார். கணவனின் தம்பியை மணப்பதற்குத் தடை இருந்தமையால், பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் 1503இல் விலக்களித்தார். 1509இல் எட்டாம் ஹென்றி கதரினை மணந்தார். ஆண் வாரிசு எஞ்சவில்லை. ஆன் பொலினை மணக்க விரும்பிய மன்னர், பாப்பரசரின் விலக்கே செல்லாது என வாதிட்டார்.

1529 யூன் 21ஆம் திகதி, லண்டன் பிளாக்பிரையர்ஸ் மண்டபத்தில் கதரின் மன்னரின் காலடியில் முழந்தாளிட்டார். ஆர்தரோடு தாம் உடலுறவு கொண்டதில்லை என்றார். வழக்கை உரோமையே தீர்க்க வேண்டுமெனக் கூறி வெளியேறிய அவர், மீண்டும் அழைத்தபோதும் திரும்பவில்லை.

உரோமை தாமதித்தது. பாப்பரசர் ஏழாம் கிளமெந்து, கதரினின் மருமகனான பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸுக்கு அஞ்சியதும் அதற்கொரு காரணம். 1533 மே மாதம் பேராயர் கிரன்மர் திருமணம் செல்லாதென்று அறிவித்தார். 1534 மார்ச் மாதம் உரோமை அதற்கு மாறாக, திருமணம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. அதற்குள் இங்கிலாந்து கைநழுவிவிட்டது. வென்ற கதரின் 1536இல் தனிமையில் மறைந்தார்.

1741இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர், திருமணப் பிணைப்புக்காக வாதிடும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டுமென்றும், ஒத்த இரு தீர்ப்புகள் தேவையென்றும் விதித்தார்.

அந்த ஏற்பாட்டின் பயனை நமது காலத்தில் கண்டவர் ஷீலா றவுச் கென்னடி. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஜோசப் கென்னடியை அவர் மணந்தது 1979இல்; 1991இல் விவாகரத்து. 1996இல் பொஸ்டன் திருச்சபை நீதிமன்றம் திருமணம் செல்லாதென்றது. கத்தோலிக்கர் அல்லாத ஷீலா உரோமை ரோட்டா நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார். ரோட்டா 2005இல் அத்தீர்ப்பை மாற்றியது. செய்தி உலகுக்குத் தெரிந்தது 2007இல். விவாகரத்தை ஏற்றுக்கொண்டவர், திருமணமே இருக்கவில்லை என்பதை மட்டும் ஏற்க மறுத்தார்.

2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் இரட்டைத் தீர்ப்பு விதியை நீக்கினார். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது ஆறுதல், நியாயமான மாற்றமே. மேன்முறையீட்டு உரிமை எஞ்சியுள்ளது. அது வெறும் சட்ட நுணுக்கமன்று. கதரினும் ஷீலாவும் வழக்கில் வென்றார்கள். கணவரை எவரும் திரும்பப் பெறவில்லை. தாம் வாழ்ந்தது பொய்யல்ல என்ற ஒரு சொல்லைத்தான் இருவரும் பெற்றார்கள். அதற்காகவே அவர்கள் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.