புள்ளி போன பெயர்

எங்க ஊர்க் கோயில் கல்வெட்டில் அப்பத்தாவின் பெயரை உடைத்தது நான்தான்.

கும்பாபிஷேகத்துக்கு உபயம் கொடுத்தவர்களின் பட்டியலை, வரிக்குப் பத்து எழுத்தாக வெட்டிக் கல் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். "நீதான கம்ப்யூட்டர் படிச்சவன்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி எழுதினேன். அதில் ஸ்ப்ளிட் என்றொரு கட்டளை உண்டு. இடையில் எதுவுமில்லாத மேற்கோள்குறியை அதற்குக் கொடுத்தால் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துவிடும் என்று நம்பினேன்.

அப்பத்தா பெயரில் ஆறே எழுத்து, கடைசியில் 'ள்'. ஜாவாஸ்கிரிப்டோ 11 என்று எண்ணியது. பத்தோடு முதல் வரி முடிந்துபோக, கடைசிப் புள்ளி மட்டும் அடுத்த வரியில் ஒரு புள்ளிவட்டத்தின் தலையில் அநாதையாக நின்றது. ஏதோ அச்சுப்பிழை என்று கல்தச்சர் அதை விட்டுவிட்டார். பெயர் 'ள' என்று முடிந்தது.

ஏன் இப்படி? யூனிகோடில் 'க'தான் அடிப்படை. 'க்' வேண்டுமென்றால் 'க' போட்டு, மேலே புள்ளியைத் தனிக் குறியாகச் சேர்க்க வேண்டும். 1988இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த இஸ்கி முறையிலிருந்து வந்த ஏற்பாடு இது. 'மதுரை' நமக்கு மூன்றெழுத்து. ஸ்ப்ளிட்டுக்கு ஐந்து துண்டு. 'நெடுஞ்செழியன்' நமக்கு ஏழு, அதற்குப் பதின்மூன்று.

நெடுஞ்செழியன் பெயரைச் சும்மா எடுக்கவில்லை. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில், சமணர் குகைகளில், அந்தப் பெயர் தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. 1882இல் ராபர்ட் சீவெல் அந்தக் கல்வெட்டுகளைக் கண்டார். ஆனால் நெடுங்காலம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எங்கே பிரிப்பது? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அசோகரின் பிராமியில் வெறும் எழுத்துக்குள்ளேயே 'அ' இருக்கிறது. அந்தக் கணக்கில் படித்தால் 'மகன்' என்பது 'மாகான' ஆகிவிடும். இது என்ன மொழி?

1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ்தான் என்று காட்டினார். பிறகு ஐராவதம் மகாதேவன் பல பத்தாண்டுகள் உழைத்து, 2003இல் வெளியிட்ட பெருநூலில் எழுத்துமுறையைத் தெளிவாக்கினார். மாங்குளத்தில் வெறும் எழுத்து என்பது மெய்; அதாவது 'க்'. 'க' வேண்டுமென்றால்தான் பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோடே சில இடங்களில் 'கா'வும் ஆகும். மெய்க்குப் புள்ளி வைப்பதைத் தொல்காப்பியம் சொல்கிறது. மாங்குளத்துக் கல்லில் புள்ளி இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாங்குளத்துக் கல்தச்சருக்கு 'க்' ஒரே குறி, 'க' இரண்டு. யூனிகோடுக்கு அப்படியே தலைகீழ். முதலில் படித்தவர்கள் வேறொரு மொழியின் கணக்கை வைத்துக்கொண்டு தமிழைப் பிரித்தார்கள். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 முறையை, யூனிகோடோடு சேர்த்து, 2010இல் தமிழக அரசு ஏற்றது. உலகம் யூனிகோடில்தான் நின்றது. அதற்குள்ளேயே இப்போது வழி இருக்கிறது: ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டில் செக்மென்டர். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸிலும் வந்துவிட்டது. அதைக் கேட்டால் 'மதுரை' மூன்றுதான். 'க்ஷ'வை இன்னமும் இரண்டாக வெட்டும்.

பள்ளிக்கூடத்தில் 'பிரித்து எழுதுக' என்று கேட்டபோது அவசரமாக எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். அது வெறும் இரண்டு மதிப்பெண். இது கருங்கல்.

அப்பத்தாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதப் படிக்கத் தெரியும். கல்லை விரலால் தடவிப் பார்த்து, "கடைசில புள்ளி இல்லையேடா" என்றாள். தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தொட்டு 'ள' மேலே வைத்தாள்.

அடுத்த மழையில் அது கரைந்துவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் வைத்துவிட்டு வருகிறேன்.