உப்பும் இரும்பும்



"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் மொழி. ஆனால், உலகின் வடபாலுள்ள பனிநாடுகளில் உப்புப் பட்ட பண்டமே குப்பைக்குப் போன வரலாறு ஒன்றுண்டு. அப்பண்டம் மோட்டார் வண்டி. உப்பினால் வண்டி துருப்பிடித்தது என்று சொல்லிவிட்டால் அது ஒருவரிச் செய்தி. அந்த உப்பைச் சாலையில் இட்டவர் யார், ஏன் இட்டனர், அதனால் விளைந்த இழப்பை யார் சுமந்தனர் என்று கேட்கத் தொடங்கினால் அது வரலாறாகிவிடுகிறது. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

குதிரை வண்டிக் காலத்தில், சாலையில் வீழ்ந்த வெண்பனியை யாரும் பெருந்தொல்லையாகக் கருதவில்லை. வட அமெரிக்காவின் ஊர்களில், பெரிய மர உருளைகளைக் குதிரைகளைக் கொண்டு இழுத்துப் பனியைக் கெட்டிப்படுத்தினர். அதன்மேல் சக்கரமில்லாச் சறுக்கு வண்டிகள் இனிதே ஓடின. கூரையிட்ட பாலங்களின் உள்ளே பனி விழாதாகையால், வெளியிலிருந்து பனியை அள்ளிக் கொணர்ந்து அங்கே பரப்பியதும் உண்டு! மோட்டார் வண்டி வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. ரப்பர்ச் சக்கரத்துக்கு உறைபனி பகை. மணலும் நிலக்கரிச் சாம்பலும் தூவிப் பார்த்தனர். வழுக்கல் ஓரளவு குறைந்ததேயன்றிப் பனி அகலவில்லை.

அப்போதுதான் உப்பு கைகொடுத்தது. தூயநீர் 0 பாகை சென்டிகிரேடில் உறைந்துவிடும். உப்புக் கரைந்த நீரோ அதற்கும் மேலான குளிர் வந்தாலன்றி உறையாது. போதிய அளவு உப்புச் சேர்ந்தால், சுழிக்குக் கீழே சுமார் 21 பாகை வரையிலும் அது நீராகவே நிற்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் 1938-ஆம் ஆண்டில் சாலையில் உப்பிடுவதைச் சோதனையாகத் தொடங்கியது. 1941-42 குளிர்காலத்தில் அந்நாடு முழுவதிலும் சாலைகளில் இடப்பட்ட உப்பு சுமார் 5,000 டன் மட்டுமே. போர் முடிந்தது, வண்டிகள் பெருகின, மக்கள் நகருக்கு வெளியே குடியேறி, நாள்தோறும் வண்டியிலேயே வேலைக்குச் சென்றுவரலாயினர். 1956-இல் நாடளாவிய நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமாயிற்று. பனி பெய்தாலும் சாலையின் தளம் தெரிய வேண்டும் என்பதே அதிகாரிகளின் கொள்கையாயிற்று. 1955-இல் சுமார் 10 லட்சம் டன்னாக இருந்த உப்பு, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1 கோடி டன்னாக வளர்ந்தது.

இதனை அறியாமை என்று நாம் இகழ்ந்துவிடலாகாது. உப்பிட்ட சாலையில் மருத்துவ வண்டி தடையின்றிச் செல்லும். பள்ளி வண்டி சறுக்கிப் பள்ளத்தில் வீழாது. உப்பு உயிர்களைக் காத்தது. அதன் விலையும் மிக மலிவு. மோட்டார்த் தொழிலின் தலைநகராம் டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, சுமார் 1,200 அடி ஆழத்தில், பண்டைக் கடல் வற்றியதால் படிந்த உப்புப் பாறை பரந்து கிடக்கிறது. அங்குள்ள சுரங்கம் 1910-ஆம் ஆண்டு முதல் இயங்கியது. இடையில் சில ஆண்டுகள் மூடிக் கிடந்து, இன்று சாலைகளுக்கு உப்பு வழங்கிவருகிறது. மண்ணின்மேல் வண்டி செய்யும் ஆலைகள்; மண்ணின்கீழ் அவ்வண்டியைத் தின்னும் உப்பு!

உப்பு இரும்பை எவ்வாறு தின்கிறது? இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். இது ஒரு சிறு மின்கலத்தின் வேலை போன்றது. இரும்பின் ஓரிடத்தில் மின்னணுக்கள் பிரிந்து, வேறோரிடத்தில் பிராணவாயுவைச் சேர்கின்றன. நீரில் உப்புக் கலந்துவிட்டால் மின்னோட்டம் எளிதாகிறது, அரிப்பும் விரைகிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் சன்னல் கம்பிகள் விரைவில் துருவேறுவதும் இக்காரணம் பற்றியே. அலுமினியத்தின்மேல் தோன்றும் படலம் அவ்வுலோகத்துக்குக் கவசமாகிறது. இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, புது இரும்பை மேலும் அரிப்புக்குக் காட்டிக் கொடுக்கிறது. கடுங்குளிரில் இவ்வேலை மெல்ல நடக்கும். பனி உருகும் வேளையில் விரைந்து நடக்கும். ஆகவே, உப்புச் சேற்றைக் கழுவாமல் வெதுவெதுப்பான கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர் துருவுக்கே துணைசெய்கின்றனர்.

வண்டியின் அமைப்பும் துருவுக்கு இடங்கொடுத்தது. முற்காலத்து வண்டிகள் கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் தனியே கூடு அமைத்துச் செய்யப்பட்டவை. போருக்குப் பின், மெல்லிய எஃகுத் தகடுகளை ஒட்டி, கூட்டையே சட்டமாக்கிய வண்டிகள் மிகுந்தன. எடை குறைந்தது, ஆனால் உட்குழிந்த பெட்டிகளும் மடிப்புகளும் பெருகின. அவற்றுள் புகுந்த உப்புச் சேறு உலராமல் தங்கியது. வெளிவண்ணத்தில் சிறு கொப்புளம் தோன்றும்போது உள்ளே தகடு முக்காலும் அழிந்திருக்கும்.

துருவைத் தடுக்கும் வழி அக்காலத்தில் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே தெரியும். ஒரு உலோகம் தான் அழிந்து மற்றொன்றைக் காக்கும் என்பதை, 1824-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் கொண்டு காட்டினார். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிடும் முறைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் சோரல் 1837-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும், வண்டியின் உடல் முழுவதற்கும் அப்பூச்சை இடுவதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. இதன் காரணத்தை ஆராய்ந்தால் வரலாற்றின் உட்பொருள் புலப்படும். உப்பை வாங்கியது சாலைத் துறை. அதன் கணக்கில் உப்பு மலிவு. தகட்டை வாங்கியது ஆலை. அதன் கணக்கில் பூச்சில்லாத் தகடு மலிவு. இரண்டு மலிவுக்கும் விலை கொடுத்தவன் வண்டியை வாங்கிய குடிமகன். அவன் இழப்பு எவருடைய ஏட்டிலும் ஏறவில்லை.

அவன் வாளாவிருக்கவில்லை. 1959-இல் டெட்ராய்டில் கர்ட் சீபார்ட் என்னும் தொழிலாளி, வண்டியின் உட்குழிவுகளில் காப்புப் பூச்சைப் பீச்சியடிக்கும் தொழிலைத் தொடங்கினார், வாடிக்கையாளர் பெருகினர். 1960-களில் ஃபோர்டு ஆலையார், வண்டியின் கூட்டை வண்ணத் தொட்டியில் முழுக்கி, மின்சாரம் செலுத்தி இண்டு இடுக்கெல்லாம் பூச்சைப் படியச் செய்யும் முறையைக் கையாண்டனர். ஆயினும் முறை மட்டும் போதாது, கவனமும் வேண்டும். 1970-இல் வெளிவந்த செவ்ரலே வேகா வண்டியும் இவ்வாறு தொட்டியில் முழுக்கப்பட்டதே. ஆனால் முன்சக்கரக் காப்புத் தகட்டின் மூலையில் காற்று அடைபட்டு நின்றதால் அவ்விடத்தில் பூச்சுச் சேரவில்லை. சில குளிர்காலங்களுக்குள் அத்தகடு ஓட்டையாயிற்று. ஒரு காற்றுக் குமிழி ஒரு வண்டியின் பெயரையே கெடுத்துவிட்டது.

கானடாவில் துருவேறிய வண்டிகளின் உரிமையாளர்கள் சங்கம் கூட்டி இழப்பீடு கோரினர். 1976-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வொன்று, உப்பினால் ஆண்டுதோறும் நேரும் சேதம் 300 கோடி டாலரை நெருங்கும் என்றும், அது உப்பை வாங்கித் தூவும் செலவைப்போல் சுமார் 15 மடங்கு என்றும் கணக்கிட்டது. தொகை மிகை என்று மறுத்தோரும் உண்டு. எனினும், யாரும் எழுதாத கணக்கு அன்று எழுதப்பட்டது. 1978-இல் கானடா அரசு வண்டிகளின் துருத்தடுப்புக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. மாறுதலும் விரைந்தது. 1975-இல் ஜெர்மனியின் போர்ஷே வண்டியும், 1985-இல் அவுடி 100 வண்டியும் துத்தநாகப் பூச்சுடைய உடலோடு வந்தன. உடல் துளைபடாது எனப் பத்தாண்டும் அதற்கு மேலும் உறுதிமொழி தருவது பின்னர் வழக்கமாயிற்று. இழப்பின் ஒரு பங்கு ஆலையின் ஏட்டில் ஏறியதும், ஆலை வழியைக் கண்டுகொண்டது.

கதை இத்துடன் முடியவில்லை. கூடு காக்கப்பட்டாலும் அடிப்பகுதிக்கு இடர் நீங்கவில்லை. 2015-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, உப்பிடும் மாநிலங்களில் ஓடும் பழைய வண்டிகளின் பிரேக் குழாய்கள் துருவால் இற்றுப்போகக்கூடும் என எச்சரித்து, அடிப்பகுதியைக் கழுவவும் சோதிக்கவும் அறிவுறுத்தியது. வழுக்கலால் வரும் விபத்தைத் தடுக்க இட்ட உப்பு, பிரேக்கை அறுத்து விபத்தை விளைப்பதாயிற்று! உருகிய நீரோடு ஓடிய உப்பு கிணறுகளையும் ஏரிகளையும் சேர்ந்தது. சாலை உப்புச் சுற்றுச்சூழலுக்குக் கேடு தருவது என்று 2001-இல் கானடா அரசின் மதிப்பீடு முடிவுசெய்தது. வண்டி உரிமையாளர் சங்கம் கூட்டலாம். மீனும் தவளையும் யாரிடம் முறையிடும்? இன்று பல ஊர்களில், பனி விழுமுன்னரே உப்புநீரை அளவாகத் தெளித்து, உப்பின் அளவைக் குறைக்க முயல்கின்றனர்.

மாணவர்களே, உப்பு வேண்டா என்று இவ்வரலாறு கூறவில்லை. உயிர் காக்கும் பொருளை எவரும் கைவிடார். ஆனால், ஒரு பொருள் மலிவு என்று கேள்விப்படும்போது, அது எவருக்கு மலிவு, எஞ்சிய விலையை எவர் கொடுக்கிறார் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். நாளை உங்களுள் சிலர் பொறியாளராகலாம், சிலர் அதிகாரியாகலாம். உங்கள் கணக்கேட்டில் ஒரு செலவு குறைந்திருப்பதைக் கண்டால், அது உண்மையிலேயே குறைந்ததா, அல்லது பிறர் ஏட்டுக்குச் சென்றதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.