ஹெச்டிஎம்ஐ-ஏ: கடைக்கே வராத ‘பி’ விட்டுப்போன எழுத்து

இன்னைக்கு ஒரே ஒரு எழுத்தோட வரலாறு. அந்த எழுத்து ‘ஏ’.

லினக்ஸ் ஓடுற கம்ப்யூட்டர்ல ஹெச்டிஎம்ஐ கேபிள் சொருகி, கெர்னல் அந்த போர்ட்டுக்கு என்ன பேர் வெச்சிருக்குன்னு பாருங்க. ‘ஹெச்டிஎம்ஐ-1’ன்னு எதிர்பார்ப்போம். ஆனா ‘ஹெச்டிஎம்ஐ-ஏ-1’ன்னு இருக்கும். நடுவுல எதுக்கு ஒரு ஏ? ஏ-ன்னு ஒண்ணு இருந்தா பி எங்கே?

பி இருக்கு, தாளில் மட்டும். 2002 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்ஐ 1.0 விதிமுறையிலேயே இரண்டு வகை கனெக்டர்கள் உண்டு. ஏ-க்கு 19 பின். நம்ம டிவி பின்னாடி இருக்கிறது அதுதான். பி-க்கு 29 பின். 1080பி-யைத் தாண்டிய பெரிய படங்களுக்கு இரட்டைப் பாதை வேணும்னு நினைச்சு வரைஞ்சது. ஆனா 2006-ல் வந்த 1.3, ஒற்றைப் பாதையோட வேகத்தை 165 மெகாஹெர்ட்ஸிலிருந்து 340-க்கு ஏத்திடுச்சு. ஏ-வே எல்லாத்தையும் செய்ய ஆரம்பிச்சதும், பி எந்த டிவியிலயும் ஏறாமலே போச்சு.

இதுக்கு அப்புறம்தான் லினக்ஸ் கதை. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 கெர்னல்ல, திரையை அமைக்கிற வேலை கெர்னலுக்குள்ளேயே வந்தது. எந்தக் கிராஃபிக்ஸ் டிரைவரா இருந்தாலும், போர்ட் என்ன வகைன்னு ஒரே பட்டியல்லேர்ந்து எடுத்துச் சொல்லணும். பட்டியலில் விஜிஏ 1, ஹெச்டிஎம்ஐ-ஏ 11, ஹெச்டிஎம்ஐ-பி 12. எழுதினவங்க விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்து நேர்மையா எழுதியிருக்காங்க. அவங்க மேல எனக்குக் குறையே இல்லை. ஏன்னு புரியணும்னா அதே பட்டியலில் இருக்கிற டிவிஐ-யைப் பார்க்கணும்.

1999-ல் வந்த டிவிஐ-யில் மூணு வகை. டி-ன்னா டிஜிட்டல் மட்டும். ஏ-ன்னா அனலாக் மட்டும். ஐ-ன்னா ரெண்டும் ஒரே ஓட்டைக்குள்ள. பட்டையான பின்னைச் சுத்தி நாலு குட்டிப் பின் இருந்தா அனலாக் உள்ளே இருக்குன்னு அர்த்தம். இங்கே எழுத்து வெறும் அலங்காரம் இல்லை. டிவிஐ-ஐ போர்ட்டுக்குப் பின்னாடி ரெண்டு தனித்தனி சர்க்யூட் இருக்கும். சொருகியிருக்கிற மானிட்டர் எதைக் கேட்குதுன்னு டிரைவர் கண்டுபிடிச்சாகணும். தப்பா எடுத்தா திரை கறுப்புதான். அதனால பேர்ல ‘டிவிஐ-ஐ’, இப்போ உண்மையில் எது ஓடுதுன்னு சொல்ல தனியா ஒரு குறிப்பு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது. ஓட்டை மாறாது, பேரும் மாறாது. மாறுறது மட்டும் வேற இடத்துல.

டிவிஐ-யில் எழுத்து உண்மையான வித்தியாசத்தைச் சொன்னது. ஹெச்டிஎம்ஐ-யில் அது வராமலே போன ஒரு வித்தியாசத்துக்குக் காவல் நிக்குது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஹெச்டிஎம்ஐ-யில் சி-ங்கிற மினி கனெக்டர் வந்தது, 2009-ல் டி-ங்கிற மைக்ரோ வந்தது. கெர்னல் பட்டியலில் ஹெச்டிஎம்ஐ-சி, ஹெச்டிஎம்ஐ-டி கிடையாது. சிக்னல்கள் எல்லாம் ஏ-வோடதுதான், வடிவம்தான் சின்னது. டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது. அதனால ராஸ்பெர்ரி பை 4-ல் இருக்கிற ரெண்டு மைக்ரோ போர்ட்டும் லினக்ஸுக்கு ‘ஹெச்டிஎம்ஐ-ஏ-1’, ‘ஹெச்டிஎம்ஐ-ஏ-2’. போர்டு மேல அச்சடிச்சிருக்கிறதோ ஹெச்டிஎம்ஐ0, ஹெச்டிஎம்ஐ1! எண்ணும் உதைக்குது, எழுத்தும் உதைக்குது.

‘சரி, ஏ-வைத் தூக்கிடலாமே’ன்னு கேட்பீங்க. முடியாது. பூட் ஆகும்போது ரெசல்யூஷன் சொல்றதுலேர்ந்து திரையைச் சுழற்றுற ஸ்கிரிப்ட் வரைக்கும் இந்தப் பேரை நம்பித்தான் எழுதியிருக்காங்க. ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமை உடைக்கக் கூடாதுங்கிறதுல லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறாருன்னு உங்களுக்கே தெரியும்.

நான் குறை சொல்றது கெர்னலுக்கு மேலே இருந்த எக்ஸ் டிரைவர்களை. பழைய இன்டெல் டிரைவர் ஒரு போர்ட்டை ‘ஹெச்டிஎம்ஐ1’னு கூப்பிட்டது. பொதுவான மோட்செட்டிங் டிரைவர் ‘ஹெச்டிஎம்ஐ-1’ன்னு ஏ-வை விழுங்கிடுச்சு, வேடிக்கை என்னன்னா, யாருக்கும் தேவைப்படாத ‘ஹெச்டிஎம்ஐ-பி’யை மட்டும் பத்திரமா வெச்சிருந்தது. ஏஎம்டி டிரைவர் எண்ணுறதையே பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சு ‘ஹெச்டிஎம்ஐ-ஏ-0’ன்னுச்சு. ஒரே ஓட்டைக்கு கெர்னல் பேரோட சேர்த்து நாலு பேர்.

2023 அக்டோபரில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ், பை 4-லயும் 5-லயும் வேலேண்டுக்கு மாறினப்போ இதெல்லாம் மேலே வந்தது. வேலேண்ட் பக்கம் கெர்னல் வெச்ச பேரே நேரா வரும். ஒரு ஹோட்டல்ல மெனு திரையை நிமிர்த்தி மாட்டியிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. பழைய அமைப்பில் ‘ஹெச்டிஎம்ஐ-1’ஐச் சுழற்றுன்னு எழுதியிருந்தா, புதுசுல அப்படி ஒரு போர்ட்டே இல்லை. இட்லி விலை பக்கவாட்டில் படுத்துக்கும். கேபிளை மாத்தி மாத்திச் சொருகினாலும் சரியாகாது, ஏன்னா கோளாறு கேபிள்ல இல்லை.

கடைசியா யுஎஸ்பி-சி. லேப்டாப்ல அந்த ஓட்டையில் மானிட்டர் சொருகினா, கெர்னல் பெரும்பாலும் ‘டிபி-1’ன்னுதான் சொல்லும். உள்ளே போறது டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல், அதனால அந்தப் பேர். இத்தனைக்கும் பட்டியலில் 20-ஆவதா ‘யுஎஸ்பி’ன்னு ஒரு வகை இருக்கு. அது படத்தை யுஎஸ்பி டேட்டாவாவே வாங்கிக்கிற குட்டித் திரைகளுக்கு. அந்தப் பக்கம் 12-ஆவது இடத்துல பி இன்னும் உட்கார்ந்திருக்கு.

அடுத்த வாரம் சந்திப்போம்.